மூன்றாம் தடவை



முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலம் முழுவதிலும் எத்தனை விடைத்தாள்களில் "சித்தியடையவில்லை" என்று சிவப்பு மையால் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுதியபோது கை தயங்கியதாக நினைவும் இல்லை. பரீட்சை என்று வந்தால் சிலர் தேறுவர், சிலர் தவறுவர்; இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்பது அந்நாளில் என் எண்ணம். பின்னர், என் அறுபத்தோராவது வயதில், திருகோணமலையில் ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தபோது, அதே சொல்லை ஒருவர் என்னை நோக்கிச் சொன்னார். சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான செய்முறைப் பரீட்சையில் நான் தவறியிருந்தேன். அன்று தவறியதையும், பின்பு ஒருமுறை தவறியதையும், அவற்றால் நான் அறிந்துகொண்டதையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்த வயதில் கார் ஓட்டப் பழகுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். திருகோணமலையை அறிந்தவர்களுக்கு அதன் நில அமைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். எங்கள் ஊரில் கடல் ஊரைச் சுற்றி நிற்பதோடு அமையாமல் ஊருக்குள்ளும் புகுந்து நிற்கிறது. தெற்கே கொட்டியாரக் குடா, அதற்கப்பால் மூதூர். தெளிந்த காலை வேளையில் இக்கரையில் நின்றால் அக்கரை கண்ணுக்குத் தெரியும். எங்கள் இளமைக் காலத்தில் இயந்திரப் படகேறி, குடாவைக் குறுக்கே கடந்து மூதூருக்குப் போவோம். நிலத்தால் போவதாயின் சீனக்குடா, கிண்ணியா என்று குடாவைச் சுற்றிக்கொண்டு, வழியில் குறுக்கிடும் நீர்நிலைகளைப் படகுப் பாதைகளில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து அப்பாலுள்ள நீர்நிலைகளுக்கும் பாலங்கள் வந்தன. வழி திறந்துவிட்டது. ஆனால் அவ்வழியே செல்ல என்னிடம் வண்டியும் இல்லை, ஓட்டும் வித்தையும் இல்லை.

மூதூரில் என் தமக்கையார் தனித்து வாழ்கிறார். ஒரு மாரிகால இரவில், ஒன்றரை மணியளவில், அவருக்கு மூச்சுத் திணறல் என்று அயலவர் தொலைபேசியில் அறிவித்தனர். வாடகை வண்டி தேடி மழையில் வீடு வீடாகத் தட்டினேன். வண்டி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அயலவரே அவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தனர், அவர் பிழைத்துக்கொண்டார். என்னைக் கண்டதும், "வந்திட்டியா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. இல்லாதபடியினாலேயே அது என்னைச் சுட்டது. அடுத்த மாதம், ஓய்வூதியக் கொடுப்பனவில் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு பழைய கார் வாங்கினேன்.

முதற்படி எளிதாகவே இருந்தது. மருத்துவச் சான்றிதழ் பெற்றேன். நாற்பது வினாக்கள் கொண்ட எழுத்துப் பரீட்சையை நேரம் முடியுமுன்னரே எழுதி முடித்து வெளியே வந்தேன். வீதிக் குறியீடுகள், சுற்றுவட்டத்தில் எவருக்கு முன்னுரிமை, எந்த இடத்தில் முந்துதல் கூடாது என்பவையெல்லாம் எனக்கு மனப்பாடம். பயிலுநர் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. என் பழைய மாணவர் ஒருவர் இப்போது வாகனம் ஓட்டக் கற்பிக்கும் தொழில் செய்கிறார். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். என் சிவப்பு மையைப் பலமுறை கண்டவர். அவரே எனக்கு ஆசானானார். "எல்" பலகையைக் கட்டிக்கொண்டு உட்துறைமுக வீதியில் காலை வேளைகளில் ஊர்ந்து திரிந்தேன். மூன்று மாதத்தில் எல்லாம் கைவந்துவிட்டது என்று நான் எண்ணினேன். மாணவர் அப்படி எண்ணவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், சேர்" என்றார். நான் கேட்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, நாட்டியிருந்த கம்புகளுக்கு இடையே நிறுத்த வேண்டும். சுக்கானை ஒரு பக்கம் திருப்பினேன். வண்டி நான் எண்ணாத பக்கம் திரும்பியது. பதறி மறுபக்கம் திருப்பினேன். முன்பக்கம் வீசி ஒரு கம்பைச் சாய்த்தது. பிரேக்கை அழுத்தினேன், கிளச்சை மறந்தேன், இயந்திரம் ஒரு குலுக்கலுடன் நின்றுபோயிற்று. பரீட்சகர் இளைஞர், என் மாணவர்களின் வயதினர். தாளில் ஏதோ குறித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: "வண்டி பின்னால் போகிறது, நீங்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா. பழகிக்கொண்டு வாருங்கள்."

அன்று என்னோடு வரிசையில் நின்றவர்களுள் மூவர் என்னிடம் படித்தவர்கள். அவர்களுள் இருவர் தேறினர். தேறிய ஒரு பெண் என் முகத்தைப் பார்ப்பதா விடுவதா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளுக்கு ஒருகாலத்தில் கணிதத்தில் நான் இட்ட புள்ளிகள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன.

அந்த வாரமே அறிமுகமான ஒருவர் வீடு தேடி வந்தார். "மாஸ்டர், இந்த வயதில் வெயிலில் நின்று மறுபடியும் பரீட்சை கொடுக்க வேண்டுமா? ஆளைப் பிடித்தால் அலுவல் முடிந்துவிடும்" என்றார். தொகையையும் சொன்னார். அவர் சொன்னது மெய்யோ வெறும் பேச்சோ நான் அறியேன். உடனே மறுத்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்றே நான் சொன்னேன். அக்காவின் மூச்சுத் திணறலை எனக்கு நானே காரணமாகக் காட்டிக்கொண்டேன். தவறான காரியத்துக்கு நல்ல காரணம் கிடைப்பதுதானே மனிதனுக்கு எளிது.

மறுநாள் மாலை, மாணவர் என்னைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரெட்ரிக் கோட்டைப் பக்கமாகச் சென்றார். எங்கள் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் தன்னிச்சையாகத் திரிவதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். கோணேசர் கோயிலுக்குப் போவோரிடம் அவை வாழைப்பழம் வாங்கித் தின்னும். அன்று மதில் ஓரத்திலிருந்து ஒரு குட்டி, எந்த முன்னறிவித்தலும் இன்றி, வண்டியின் முன்னே பாய்ந்தது. மாணவர் வண்டியை நிறுத்திய விதம் எனக்கு வியப்பளித்தது. குலுக்கலும் இல்லை, பதற்றமும் இல்லை. அவர் முன்னரே வேகத்தைக் குறைத்திருந்தார். "எப்படிக் கண்டாய்?" என்று கேட்டேன். "குட்டியைக் காணவில்லை, சேர். தாய் இந்தப் பக்கம் நின்றது. குட்டி அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

நான் கணித ஆசிரியன். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். கண் கண்டதைக் கால் அறிந்து பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு செக்கன் வேண்டும். வண்டி வேகம் தணிந்து நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்கு மேலானது. நான் ஓட்டியிருந்தால் அந்தக் குட்டி இருந்திராது. அனுமதிப்பத்திரம் என் சட்டைப்பையில் இருந்திருந்தாலும் இருந்திராது. பணம் கொடுத்தால் தாள் கிடைக்கலாம். அந்த ஒரு செக்கன் கிடைக்காது. அன்றிரவே அறிமுகமானவருக்கு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சாரதிப் பரீட்சை என்னும் ஏற்பாடே இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான். மோட்டார் வண்டி தோன்றிய புதிதில் வாங்கியவரெல்லாம் ஓட்டினர். 1893ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் பொலிசார் முதன்முதலாக ஓட்டுநருக்குப் பரீட்சை வைத்தனர். பிரித்தானியாவிலோ 1930களின் முற்பகுதி வரை பரீட்சை இல்லை. 1934இல் அந்நாட்டு வீதிகளில் இருந்த வாகனங்கள் ஏறக்குறைய 24 இலட்சம். அவ்வாண்டில் அவ்வீதிகளில் இறந்தோர் 7,000க்கும் மேற்பட்டோர். அதன் பின்னரே, 1935 ஜூன் மாதத்திலிருந்து புதிய ஓட்டுநர் அனைவருக்கும் பரீட்சை கட்டாயமாயிற்று. முதலாண்டில் தோற்றியவர்களுள் நூற்றுக்கு 63 பேரே சித்தியடைந்தனர். மூவரில் ஒருவருக்கும் மேல் தவறினர். உலகப் போர்க் காலத்தில் நிறுத்தப்பட்ட அப்பரீட்சை 1946இல் மீண்டும் தொடங்கியது. நம் நாட்டில் வீதியில் ஓடும் வண்டிகளையும் அவற்றை ஓட்டுவோரையும் ஆளும் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். பரீட்சைகளுக்கெல்லாம் பின்னால் நிற்பவர் வீதியில் இறந்துபோன ஒருவர் என்பதை இவ்வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இனி, மறுமுயற்சியின் கதைக்கு வருகிறேன். பரீட்சை நிலையத்தில் எனக்கு ஒரு தோழர் கிடைத்திருந்தார். திருக்கடலூரைச் சேர்ந்த மீனவர், நாற்பது வயதிருக்கும். மீனைக் கந்தளாய்ப் பக்கம் கொண்டுபோய் விற்க ஒரு சிறு லொறி ஓட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை தவறியவர். நான் எளிதென்று இகழ்ந்த அதே நாற்பது வினாக்கள். "வாசிச்சு முடிக்க முன்னம் நேரம் போயிடுது, ஐயா" என்றார். நாங்கள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். மாலையில் நான் அவருக்கு வினாக்களை விளக்குவது. பின்னோக்கிச் செலுத்தும் மருமத்தை அவர் எனக்குக் கற்பிப்பது. படகோட்டி எனக்குக் காரைப் பற்றி என்ன கற்பிக்கப் போகிறார் என்று நானும் உள்ளூர நகைத்தேன்.

அவர் என்னைத் தம் படகில் ஏற்றிச் சென்றார். படகின் இயந்திரமும் சுக்கானும் பின்னால் இருக்கின்றன. படகைத் திருப்பும்போது, அணியம் என்று மீனவர் சொல்லும் முன்பக்கம் சிறிதளவே அசைகிறது. பின்பக்கமோ வெளிப்புறமாக வீசிச் செல்கிறது. "முன்னுக்குப் பார்த்துத் திருப்புறவன் பக்கத்துப் படகை இடிப்பான், ஐயா. பின்பக்கம் எங்கே வீசுது எண்டு பார்க்க வேணும்" என்றார். எனக்கு அப்போது விளங்கிவிட்டது. காரில் திரும்புகின்ற சில்லுகள் முன்சில்லுகள். கார் பின்னோக்கிப் போகும்போது அந்தச் சில்லுகள், போகும் திசைக்குப் பின்னால் வந்துவிடுகின்றன. ஆகவே பின்னோக்கிச் செல்லும் கார், முன்னோக்கிச் செல்லும் படகே. முதலிலே போகும் பின்பக்கம் மெதுவாகத் திரும்ப, கடைசியில் வரும் முன்பக்கம் அகலமாக வீசுகிறது. என் கம்பு சாய்ந்த காரணம் அதுவே. மூன்று மாதம் கையால் பழகியும் விளங்காதது அரைமணி நேரத்தில் விளங்கிற்று.

அவருக்கு வினாக்களை விளக்கியபோது எனக்கு வேறொன்றும் விளங்கியது. சந்தியில் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இருளில், மழையில், எதிர்வரும் படகுக்கு வழிவிட்டுப் பழகியவர். அவரைத் தடுத்தது வினாவின் சொற்களே. "பின்வருவனவற்றுள் பொருத்தமற்றது எது?" என்ற வாக்கியத்தில் அவர் ஒவ்வொரு முறையும் பொருத்தமானதைத் தெரிந்தெடுத்தார். என் வகுப்புகளிலும் இப்படி எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள்! தவறினார்கள் என்று எழுதினேன். எதனால் தவறினார்கள் என்று ஒருநாளாவது அருகில் இருந்து பார்த்தேனா?

இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனேன். பின்னோக்கிச் செலுத்துதல் ஒரு குறையுமின்றி முடிந்தது. கம்புகள் அசையவில்லை. மகிழ்ச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வீதிக்கு வந்தேன். கியர் மாற்றினேன், கண்ணாடி பார்த்தேன், சைகை காட்டினேன். பாதசாரிக் கடவை ஒன்றில், கையில் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்ற ஓர் அம்மா ஒரு காலை வீதியில் வைத்தார். பின்னர் என் வண்டியைக் கண்டு அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்தார். நான் கடந்துபோனேன். சிறிது தூரம் சென்றதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார் பரீட்சகர். "அந்த அம்மா உங்களுக்கு வழிவிட்டார், ஐயா. வழிவிட வேண்டியவர் நீங்கள்" என்றார்.

நேயர்களே, முதல் தோல்வி கைப்பழக்கம் போதாமையால் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இரண்டாம் தோல்வி அப்படிப்பட்டதன்று. கடவைச் சட்டம் எனக்குத் தெரியும். எழுத்துப் பரீட்சையில் அந்த வினாவுக்குச் சரியான விடை எழுதியிருந்தேன். தெரிந்திருந்தும் அந்த அம்மா என் கண்ணில் படவில்லை. என் திறமையில் நானே மயங்கியிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் யாருடனும் பேசாமல் இருந்தேன். உலகெங்கும் 2021ஆம் ஆண்டில் வீதி விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், சைக்கிளில் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை வீதி பலிகொள்கிறது. கடவையில் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

மூன்றாம் முறை போவதா விடுவதா என்று தயங்கியிருந்த நாட்களில், தென்கொரியாவில் காய்கறி விற்று வாழ்ந்த சா சா சூன் என்னும் மூதாட்டியின் செய்தியை மாணவர் எனக்குக் காட்டினார். அவ்வம்மையார் 2005இல் எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றத் தொடங்கினார். தவறினார், மீண்டும் எழுதினார், மீண்டும் தவறினார். நூற்றுக்கணக்கான தடவைகள் எழுதியபின் 2009இல் அதில் தேறினார். செய்முறைப் பரீட்சையிலும் பலமுறை தவறி, 2010ஆம் ஆண்டு தம் 69ஆம் வயதில் அனுமதிப்பத்திரம் பெற்றபோது, அவர் எடுத்த முயற்சிகள் மொத்தம் 960. மோட்டார் நிறுவனம் ஒன்று அவருக்கு ஒரு காரையே பரிசாக அளித்தது. அவரை நகைத்தவர்களும் இருந்திருப்பர். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. அத்தனை முறையும் அவர் அதே வாயிலில்தான் போய் நின்றார். வேறு வாயில் தேடவில்லை.

மாணவர் இம்முறை என்னை உவர்மலை ஏற்றத்துக்கு அழைத்துச் சென்றார். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னே உருளவிடாமல் எடுப்பது எனக்கு எப்போதும் அச்சம். கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிளச்சை மெல்ல மெல்ல மேலே விட வேண்டும். ஒரு நிலையில் இயந்திரத்தின் ஒலி தாழும். வண்டியின் மூக்கு இலேசாக நிமிரும். சுழலும் இயந்திரத்தைச் சில்லுகள் பற்றிக்கொண்டன என்பதற்கு அதுவே அடையாளம். அதற்கு முன்னரே கைப்பிரேக்கை விட்டால் வண்டி பின்னே உருளும். பின்பும் கிளச்சை அவசரமாக விட்டால் இயந்திரம் நின்றுபோகும். "சத்தத்தைக் கேளுங்கள், சேர். வண்டி தானாகச் சொல்லும்" என்றார் மாணவர். நூறு முறையாவது நிறுத்தி எடுத்திருப்பேன். அவர் ஒருமுறையும் சினக்கவில்லை. நான் அவருக்கு நூறு முறை ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் முறைக்கு முன்னரே குரலை உயர்த்தியிருப்பேன்.

வண்டி ஓட்டாத வேளைகளிலும் அவர் எனக்கு ஒரு வேலை தந்தார். பஸ் நிலையத்துக்கு அருகில் நின்று, வீதியைக் கடப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது. பள்ளிவிட்ட பிள்ளைகள் தோழரை நோக்கி ஓடும்போது வீதியைப் பார்ப்பதில்லை. முதியவர்கள் ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபக்கம் மறந்துவிடுகிறார்கள். மீன்பெட்டி கட்டிய சைக்கிள் திரும்பும்போது சற்று அகலமாகத் திரும்புகிறது. இவற்றை நான் அறுபது ஆண்டுகளாகக் கண்டவன்; பார்த்தவன் அல்லன்.

மூன்றாம் முறை தேறினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரீட்சகர் கையொப்பமிட்டு, "கவனமாகப் போய்வாருங்கள், ஐயா" என்றார். அதே காலத்தில் என் மீனவத் தோழர் எழுத்துப் பரீட்சையில் தேறினார். அவர் வீட்டில் அன்று எனக்கு விருந்து.

சில நாட்களின் பின் மாணவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மூதூருக்குப் புறப்பட்டேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது இருபுறமும் நீர் விரிந்து கிடந்தது. பாலத்தின் ஓரமாக இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தனர். அவர்கள் பாலத்தைக் கடந்து முடியும்வரை அவர்களுக்குப் பின்னாலேயே மெல்லச் சென்றேன். எனக்குப் பின்னால் வந்த வண்டிகள் பொறுமையிழந்து ஒலியெழுப்பின. மாணவர் ஒன்றும் சொல்லவில்லை, புன்னகைத்தார். அக்கா படலையில் நின்றிருந்தார். காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இரவிலே கூப்பிட்டால் அவசரப்பட்டு ஓடி வராதே, தம்பி, மெல்ல வா" என்றார்.

நேயர்களே, பரீட்சைகளில் தவறுவோருக்கு நம்மிடையே ஆறுதல் சொல்வோர் பலர் உண்டு. எதனால் தவறினாய் என்று சொல்வோர் மிகச் சிலர். அந்த இளம் பரீட்சகர் இரு முறையும் ஒரே வாக்கியத்தில் அதைச் சொன்னார். அவர் என்னை இரக்கத்தால் தேற்றியிருந்தால் வீதியில் நடப்போருக்குத் தீங்கு செய்தவராவார். காரணம் சொல்லாமல் அனுப்பியிருந்தால் எனக்குத் தீங்கு செய்தவராவார். வெறும் "சித்தியடையவில்லை" என்று எழுதி நான் அனுப்பிய பிள்ளைகளை இப்போது வீதியில் காணும்போது வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லத் தவறிய அந்த ஒரு வாக்கியத்தை இனிச் சொல்ல இயலாது. ஆகவே, இன்று கையில் சிவப்பு மை வைத்திருக்கும் ஆசிரியர்களுக்கும், தவறிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களுக்கும் ஒன்றையே வேண்டிக்கொள்கிறேன். ஆசிரியர்கள் காரணத்தையும் எழுதுங்கள். எழுதப்படாவிட்டால், இளைஞர்களே, திரும்பிப் போய்க் கேளுங்கள். கேட்டு அறிந்துகொண்டு அதே வாயிலில் மீண்டும் போய் நில்லுங்கள்.